இல்லாத காமாலைக்கு ஊரே மருந்து கொண்டுவந்த கதை

மகனே,

மந்தைவெளி மார்க்கெட் கீரைக்காரம்மா முதல் கிண்டி ரேஸ் குதிரை வரை ஒரு ஜீவனும் நம்பப்போகாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று, என்னிடம் உள்ள கூம்பு ஸ்பீக்கர்கள் அத்தனையின் மீதும் சத்தியம் செய்து இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். இத்தனை வருஷம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் சொல்லிவந்த கதை இது. சொல்லச் சொல்லப் பெருத்துக்கொண்டே போனது. இப்போது நம் வீட்டுக்குள் அதற்கு இடம் போதவில்லை, அதனால் வெளியே விடுகிறேன். பேட்டைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்டேன். நீ ஒரே ஒரு இட்லித் துண்டைச் சட்னியில் ரொம்ப நேரம் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, "போடு நைனா. ஆனா கடைசில எது நிஜம்னு ஒழுங்கா சொல்லிடணும்" என்றாய். சொல்கிறேன். அதுவரை பொறு.

நேரில் சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரி நைனா" என்று தலையாட்டிவிட்டு, காதில் அந்த வெள்ளைக் குமிழ்களைச் செருகிக்கொள்வாய். மயிலாப்பூர் முழுக்க மைக் செட் வாடகைக்கு விடுகிறவனின் பிள்ளை காதை அடைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருகிற திங்கட்கிழமை உன் கல்லூரியின் அகாடமிக் கவுன்சிலில் நீ எழுந்து நிற்கப்போகிறாய். அதற்கு முன் நீ இதைக் கேட்டே ஆக வேண்டும். பேட்டைக்காரர்களும் கூடவே கேட்கட்டும் என்பதால் விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். நீ படித்த அதே கல்லூரியில் இப்போது நீ வாத்தியார். அங்கே வருகைப்பதிவு குறைந்த பிள்ளைக்கு ஹால் டிக்கெட் கிடையாது, ஹால் டிக்கெட் இல்லையென்றால் பரீட்சை கிடையாது. உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் மன்னிப்பார்கள். மனசு சரியில்லை என்பதற்கு அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி நீ தீர்மானம் எழுதியிருக்கிறாய். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்க உட்காருகிறவர் அதே பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவராக இருக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறாய். நான் படித்துப் பார்த்தேன். என் ரத்தம்தான் என்று பூரித்தேன், உன் அம்மா குறுக்கே வந்து "எழுத்து என் பக்கம்" என்றாள்.

இதற்குள் உன் துறைத் தலைவர் உன்னைக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். "ரொம்ப நல்ல விஷயம்பா. ஒரே ஒரு சின்னத் திருத்தம். அப்பா, அம்மா கையெழுத்து போட்டாதான் அந்த லீவுன்னு சேத்துடு. எல்லாரும் ஓகே சொல்லிடுவாங்க. உன்னோட வேலை கன்ஃபர்மேஷன் ஃபைலும் இப்போ அதே டேபிள்லதான் இருக்கு, பாத்துக்கோ" என்றாராம். அந்த டீயில் சர்க்கரை எவ்வளவு போட்டார்களோ தெரியாது, நீ வீட்டுக்கு வந்து, "ஏத்துக்கலாம்னு பாக்கறேன் நைனா. எதுவுமே இல்லாததுக்கு இது தேவல இல்ல?" என்றாய். தேவலை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு நாள் காலை எழுந்திருக்கவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. பல் விளக்கப் போவது உனக்குப் பரங்கிமலை ஏறுவது போலிருந்தது. குளியலறை வரை போய், கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்வாய். நான் கட்டில் ஓரத்தில் நின்று, "இன்னாடா ஆச்சு? லவ் மேட்டரா? எவனாவது அடிச்சானா? சொல்லு, நாளைக்கே அவன் வூட்டு வாசல்ல ஸ்பீக்கர் கட்றேன்" என்றேன். "ஒண்ணும் இல்ல நைனா. அதான் பிரச்சன. ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். பின்வரிசைக்குச் சத்தம் எட்டவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டிவைப்பது என் தொழில். வேறு வைத்தியம் எனக்குத் தெரியாது. கூட்டினேன். நான் போட்ட சத்தத்தில் தெப்பக்குளத்துப் பாசி இரண்டாகப் பிளந்து விலகியது. அடையாறு பக்கம் போய்க்கொண்டிருந்த பஸ் ஒன்று தானாக ஓரங்கட்டி நின்றது. நீ மட்டும் அசையவில்லை.

வருகைப்பதிவு குறைகிறது என்று கல்லூரியிலிருந்து என் போனுக்கு எச்சரிக்கை வந்தது. அன்று உன்னைப் பார்க்க வந்த உன் வகுப்புத் தோழன், காப்பியை உறிஞ்சிக்கொண்டே எனக்கு வழி சொன்னான். "மாமா, இதுக்குப் போய் இன்னாத்துக்கு டென்ஷன் ஆவற? காமாலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கினு வந்து குட்த்துடு. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்குக் காமாலை கீது."

"மீதிப் பாதிக்கு?"

"அவனுங்களுக்குத் தாத்தா செத்துட்டாரு. ஒருத்தனுக்கு ஒரே தாத்தா ரெண்டு செமஸ்டர்லயும் செத்தாரு. ஹெச்ஓடி ரெண்டு வாட்டியும் ஃபீல் பண்ணாரு, பாவம்."

மார்க்கெட் சந்து டாக்டரிடம் போனேன். தி. நகர் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவரின் பொறுமையோடு அவர் கேட்டார்: "என்ன பாக்கறீங்க, டைஃபாய்டா, காமாலையா? டைஃபாய்டு கொஞ்சம் கையைப் பிடிக்கும். காமாலைன்னா தாராளமா வரும், பின்னாடி பத்தியம் வேற இருக்கு, இழுத்துக்கலாம்." தாராளமாகவே வாங்கிக்கொண்டு வந்தேன். பரீட்சை நெருங்கும்போது அந்தச் சந்து முழுக்க மஞ்சளாக இருக்கும். அம்மன் கோயில் திருவிழாவோ என்று வெளியூர்க்காரர்கள் செருப்பைக் கழற்றுவார்கள்.

அத்தோடு விட்டிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். கல்லூரிக்குச் சொல்வதும் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் கூடிப் பேசி முடிவெடுத்தோம். உலகத்தில் வேறு எந்தப் பெற்றோரும் இப்படி ஒரு தப்பை இவ்வளவு திட்டம்போட்டுச் செய்திருக்க மாட்டார்கள். அசோக் நகரில் இருக்கும் உன் அத்தைக்குப் போன் போட்டு, "காமாலைதான், பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள் உன் அம்மா. போனை வைப்பதற்குள் அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள், கை நிறையக் கீழாநெல்லியோடு. பக்கத்து வீட்டு அத்தர் வியாபாரி பாய், "அரே, புள்ளைக்குக் காமாலையா? ஏன் பா மொதல்லயே சொல்லல?" என்று கோபித்துக்கொண்டு, தினமும் சாயங்காலம் ஒரு தூக்கு நிறையக் கரும்புச்சாறு கொண்டுவந்தார். மாடி வீட்டிலிருந்து இளநீர், எதிர் வீட்டிலிருந்து மோர். அந்த மாதம் தமிழ்நாட்டில் கரும்புத் தட்டுப்பாடு வந்ததே, அதற்கு நீதான் காரணம். கீழாநெல்லி தரைக்கு மேலே தலைகாட்டவே பயந்து வேருக்குள் ஒளிந்துகொண்டது.

பொய் சொன்னவனே அதன்படி வாழவும் வேண்டியிருந்தது, அதுதான் கொடுமை. வீட்டில் அப்பளம் பொரித்தால் வாசனை ஜன்னல் வழியாகப் போய் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் உன்னோடு சேர்ந்து நானும் உன் அம்மாவும் உப்பைக் குறைத்து, எண்ணெயை ஒதுக்கி, மோர் சாதமே தின்றோம். நான் இளைத்ததில் என் நிழலே என்னைவிட்டுப் போகப் பார்த்தது. பக்ரீத் அன்று பாய் வீட்டு பிரியாணி வாசனை நம் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாய் வந்தார், கையில் வாளி. எனக்கு நாக்கு எழுந்து நின்றது. மூடியைத் திறந்தால் கரும்புச்சாறு! "காமாலை புள்ளைக்கு ஆவாதுன்னு இந்த வாட்டி பிரியாணி அனுப்பல பா. நீங்க மட்டும் துன்னா அவன் ஏங்கிப்பூடுவான். மனசுல வெச்சுக்காதே" என்றார். எவ்வளவு பெரிய மனுஷன்! அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் வேறு காரணம் என்று நினைத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நீ அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இல்லாத நோய்க்கு எவ்ளோ பேர் மருந்து எடுத்துனு வராங்க பாத்தியா நைனா. இருக்கிற நோய்க்கு ஒருத்தரும் வரல." நான் அதற்குச் சொன்ன பதில், "ஆறிப்போறதுக்கு முன்ன குடிடா." கரும்புச்சாறு எப்படி ஆறும் என்று நீயும் கேட்கவில்லை.

மகனே, திங்கட்கிழமை பேசும்போது இதை நினைவில் வை. பொய் சொன்னால் மன்னிக்கும் விதி, நிஜம் சொன்னால் தண்டிக்கிறது. நம் பாய்க்கு மட்டும் மனசு சரியில்லை என்று சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு தூக்கு எடுத்துக்கொண்டு வந்திருப்பார், சந்தேகமே இல்லை. சொல்ல விடாமல் செய்தது அந்த விதியும், அதைக் கண்டு நடுங்கிய நானும். இன்னொரு கூத்தும் இருக்கிறது. உன் கல்லூரியில் அந்த வருஷம் யார் யார் எதற்காக லீவு போட்டார்கள் என்று பார்த்தால் என்ன தெரியும்? மனசு சரியில்லாத பிள்ளை ஒன்றுகூட அங்கே இல்லை! எல்லாம் ஈரல். அதை வைத்துக்கொண்டுதானே பெரியவர்கள், "நம்ம காலேஜ்ல அந்த மாதிரி கேஸே இல்ல, எதுக்குத் தனியா ஒரு கவுன்சிலர்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி கல்லூரிக்கு ஒரு ஈரல் டாக்டரைத்தான் நியமிக்க வேண்டும். மனக்கஷ்டம் கேட்க என்று அப்போதும் ஓர் அறை இருந்தது, பிரின்சிபல் அறைக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவும் பெரிய போர்டுமாக. புதன்கிழமைகளில் கணக்கு வாத்தியார் வந்து உட்காருவார், இன்டர்னல் மார்க் போடுகிற அதே கணக்கு வாத்தியார். அதற்குள் நுழைவதும் என் ஸ்பீக்கரில் ஊருக்கு அறிவிப்பதும் ஒன்றுதான்.

இப்போது கதையின் சிகரத்துக்கு வருகிறேன். சர்டிபிகேட்டைப் பெற்றோரே நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் போனேனா? போகவில்லை, படையெடுத்தேன். டெம்போவில் ஸ்பீக்கர்களை ஏற்றி, முன்னால் நாதஸ்வரம், பின்னால் யானை, நடுவில் நீ. ஊர்வலம் லஸ் முனையில் இருக்கும்போதே அதன் வால் அடையாறு பாலத்தைத் தாண்டிவிட்டது, தலையைவிட வால் முன்னால் போனது எப்படி என்று இன்றுவரை போக்குவரத்துப் போலீஸுக்குப் புரியவில்லை. கல்லூரி வாசலில் மைக்கைப் பிடித்தேன். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்ற முதல் வார்த்தைக்கே கிண்டிக் காட்டு மான்கள் வேலி தாண்டி வந்து வரிசையாக உட்கார்ந்தன. ரேஸ் கோர்ஸில் முன்னால் ஓடிய குதிரை நின்று திரும்பிப் பார்த்ததில் பின்னால் வந்த குதிரை ஜெயித்தது. நான் பேசப் பேச விதிப் புத்தகத்தின் பக்கங்கள் தாமாகக் கிழிந்து பறந்தன. நடுவில் நீ என்னவோ சின்னதாகச் சொன்னாய், உன் கையில் மைக் இல்லை, அதை விடு. பிரின்சிபல் கண்ணீர் மல்கி என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். ஹால் டிக்கெட்டுகளை மாடியிலிருந்து பூப்போலத் தூவினார்கள். எல்லோருக்கும் பாய் கையால் பிரியாணி. இதுதான் நான் உனக்கு வருஷா வருஷம் சொல்லிவந்த சரித்திரம்.

திங்கட்கிழமை உன்னை என்னென்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு வரி சேர்த்தால் எல்லாரும் மனசு சரியில்லை என்று வந்துவிடுவார்கள் என்பார்கள். வரட்டுமே! காமாலை என்று வந்தபோது பந்தல் போட்டுத்தானே வரவேற்றீர்கள்? அப்போது வராத பயம் இப்போது ஏன் வருகிறது என்று கேள். எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது என்று ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். உங்கள் காலத்திலும் காமாலைக்குக் குறைவில்லை சார் என்று சொல். மனசு நொந்த பிள்ளை முதலில் குணமாகி வரட்டும், பிறகு படிக்கட்டும் என்பார்கள். காலுடைந்தவனுக்குக் கட்டுப் போட்டுப் பரீட்சை எழுத வைக்கிறீர்களே, இவனை மட்டும் ஏன் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறீர்கள் என்று கேள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நல்ல மைக்குக்கும் முதலில் கொஞ்சம் இரைச்சல் வரத்தான் செய்யும்.

வேலையை நினைத்துப் பயப்படாதே. அந்த மேஜையில் இருக்கிற ஃபைல் அங்கேயே கிடந்து கரையான் பிடிக்கட்டும். ஒயர் சுருட்ட உனக்குத் தெரியும், ஆடி மாதத்தில் எனக்கு ஆள் போதுவதில்லை, முனைவர் பட்டம் வாங்கியவன் ஒயர் சுருட்டுகிறான் என்று நான் வாடகையை ஏற்றிக்கொள்வேன். உன் அம்மாவுக்கு வேறு கவலை. "பொண்ணு பாக்கற நேரத்துல இதைப் பேப்பர்ல போட்டே ஆவணுமா?" என்றாள். "இதைப் படிச்சிட்டு வரமாட்டேன்ற பொண்ணு, வராமலே நல்லா இருக்கட்டும்" என்றேன். "அப்டின்னா அவ அப்பன் நம்பருக்கு நானே அனுப்பிவெக்கறேன், படிக்கட்டும்" என்றாள். இந்த வீட்டில் பெரிய ஸ்பீக்கர் நான் இல்லை. அசோக் நகர் அத்தைக்கும் இதன் மூலமாகத்தான் சேதி போகிறது. அக்கா, இன்றுவரை அவன் கண்ணை விரித்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்க்கிறாய். அது அங்கே எப்போதுமே இல்லை. உன் கீழாநெல்லி வீணாகவில்லை, அதைக் குடித்து என் ஈரல் இரும்பாகிவிட்டது.

இனி நீ போட்ட நிபந்தனை. யானை பொய். நாதஸ்வரம் பொய். மான், குதிரை, பறந்த பக்கங்கள் எல்லாம் பொய். ஊரே கேட்கும்படி பேசிப் பிழைக்கிற நான் அன்று பிரின்சிபல் முன்னால் வாயையே திறக்கவில்லை. நாம் ஷேர் ஆட்டோவில் போனோம். சர்டிபிகேட் என் சட்டைப் பையில் வியர்வையில் நனைந்திருந்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. உன் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். "காமாலைன்னே வெச்சுக்கலாம்பா. நீ ஒண்ணும் பேச வேணாம். அப்பா கையெழுத்துப் போட்டா போதும்" என்று பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் மூடியைத் திறந்தேன். என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டும் விட்டேன். நீ அந்தத் தாளின் மேல் உன் உள்ளங்கையை வைத்தாய்.

"எனக்குக் காமாலை இல்ல சார். மனசு சரியில்ல."

அவ்வளவுதான். பக்கங்கள் பறக்கவில்லை. அதற்கு விதியில் இடமில்லை என்று உனக்கு அந்த வருஷம் போயிற்று. அதற்குப் பிறகுதான் சரியான டாக்டரிடம் போனோம், அதற்குப் பிறகுதான் நீ மெல்ல எழுந்தாய். அந்த விதி இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, வேறு பிள்ளைகளுக்குக் காமாலை வரவழைத்துக்கொண்டு. இப்போது அதற்கு ஒரு வாசல் வைத்து, சாவியை அப்பன் கையில் கொடுக்கலாம் என்கிறார்கள். ஓட்டுப் போட அப்பன் கையெழுத்து வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம், மனசு நோவதற்கு மட்டும் வேண்டுமா? பாசமுள்ள அப்பன், அத்தனை ஸ்பீக்கர் வைத்திருக்கிற அப்பன், அவன் கையெழுத்து எந்தப் பக்கம் விழும் என்று கவுன்சிலில் யாராவது கேட்டால், என்னைக் காட்டு. அந்தத் திருத்தத்தை ஏற்காதே.

இந்தக் கடிதத்தின் கீழே என் கையெழுத்தைத் தேடாதே, போடவில்லை. இதில் யார் எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. நீ சொன்ன அந்த ஒரு வரி மட்டும் நிஜம். மைக் இல்லாமல் சொன்னாய், எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.